மடியில் சாய்ந்த தலை: குழந்தையும் பல் மருத்துவரும்

பல் மருத்துவரின் அறை வாசலில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். உதடுகள் இறுக மூடியிருக்கும். ஒரு கை உம்மாவின் துப்பட்டாவைப் பற்றியிருக்கும். மற்றொரு கை கதவின் விளிம்பைப் பிடித்திருக்கும். "டாக்டர் ஒன்றும் செய்ய மாட்டார், சும்மா பார்ப்பார்" என்கிறார் வாப்பா. "அழாமல் இருந்தால் ஐஸ்கிரீம்" என்கிறார் உம்மும்மா. "அழுதால் பெரிய ஊசி போட்டுவிடுவார்" என்று காத்திருப்போரில் எவரோ ஒருவர் உதவிக்கு வருகிறார். முதலாவது பொய்யாக முடியலாம், இரண்டாவது கையூட்டு, மூன்றாவது மிரட்டல். மூன்றையும் சொல்பவர்கள் அக்குழந்தையின் மீது அன்பு கொண்டவர்களே.

அந்த நாற்காலியைக் குழந்தை இதற்கு முன் கண்டதில்லை. ஆயினும் அஞ்சுகிறது. அச்சம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பெரியவர்களாகிய நம் பேச்சிலிருந்து வந்தது என்பது விரைவில் விளங்கிவிடும். நம் பேச்சில் அது எப்படிக் குடியேறியது என்பதற்கு விடை காண, ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் முஸ்லிம்களின் ஆட்சி சிறந்திருந்த காலம். கொர்தோபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவீ. அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகளைக் கொண்ட மருத்துவக் களஞ்சியம். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கு உரியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் வடிவங்களை அதில் வரைந்து காட்டியிருக்கிறார். அவற்றுள் பல்லைச் சுரண்டும் சிறு கருவிகள் தனி வரிசையாக இடம்பெறுகின்றன. பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று என அவை வடிவத்தில் வேறுபட்டவை. இன்று பல் மருத்துவரின் தட்டில் அடுக்கப்பட்டிருக்கும் கருவிகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் வியக்காமல் இருக்க முடியாது.

நாம் இங்கே கவனிக்க விரும்புவது கருவிகளை அல்ல. நோயாளியை அவர் எப்படி அமர்த்தினார் என்பதை. பற்களில் படியும் காரையை நீக்கும்போது நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். ஒரே அமர்வில் முடியாவிட்டால் வற்புறுத்த வேண்டியதில்லை. மறுநாளோ, மூன்றாம் நாளோ, நான்காம் நாளோ தொடரலாம் என்றும் எழுதுகிறார். பல்லைப் பிடுங்குவதில் அவர் காட்டும் தயக்கம் இன்னும் கவனத்துக்குரியது. வலியால் தடுமாறும் நோயாளி நல்ல பல்லைச் சுட்டிக்காட்டிவிடக்கூடும். அதைப் பிடுங்கிய பிறகும் வலி தீராது. ஆகவே எந்தப் பல் நோயுற்றது என்பதைத் திண்ணமாக அறியாமல் குறட்டைக் கையில் எடுக்கக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. பல்லைச் சுற்றியுள்ள ஈற்றை முதலில் விலக்கி, விரலாலும் மெல்லிய குறட்டாலும் சிறிது சிறிதாக அசைத்துத் தளர்த்திய பின்னரே பிடுங்க வேண்டும். அந்த வேளையில் மட்டும் தலை மடியில் இராது. மருத்துவரின் இரு முழங்கால்களுக்கு இடையே அசையாதபடி இறுக்கப்பட்டிருக்கும்.

அதே நூலில், சிறுவர்களின் கத்னாவைப் பற்றிய அத்தியாயத்தில், நம் தலைப்போடு நெருங்கிய செய்தி ஒன்று இருக்கிறது. ஓரளவு விவரம் தெரிந்த சிறுவனாயின், இன்று நூல் மட்டுமே கட்டப்போகிறோம், மற்றது வேறொரு நாள் என்று அவனை நம்பச் செய்ய வேண்டும். இயன்ற வழிகளிலெல்லாம் அவனை மகிழ்விக்க வேண்டும். கத்தரிக்கோல் அவன் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்க வேண்டும் என்று ஸஹ்ராவீ அறிவுறுத்துகிறார். அவ்வளவு கவனமான மருத்துவர், குழந்தையிடம் உண்மையை மறைக்கச் சொல்கிறார். இதை நாம் குறையாகக் கொள்ளவில்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லாத காலம் அது. வலி உறுதி; அதைக் குறைக்க வழியில்லை; முன்கூட்டியே அறிவதால் குழந்தைக்குக் கிடைப்பது கூடுதலாகச் சில நிமிட நடுக்கம் மட்டுமே. அன்றைய நிலையில் மறைத்தல் ஒரு வகை இரக்கமாகவே இருந்தது.

வலிக்கு மருந்தில்லாத உலகில் இரக்கமற்ற மறைத்தலும் இருந்தது. ஐரோப்பாவின் சந்தைகளிலும் பாலங்களிலும் மேடை அமைத்துப் பல் பிடுங்குவதைத் தொழிலாகக் கொண்டோர் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தனர். பாரிஸ் நகரில் போன் நெஃப் பாலத்தின் மீது 18ஆம் நூற்றாண்டில் தொழில் நடத்திய 'பெரிய தோமா' எனும் பேருருவம் கொண்ட மனிதர் ஊரறிந்த காட்சிப்பொருளாகவே விளங்கினார். இத்தகையோரில் பலர் மேளமும் எக்காளமும் முழங்கும் கூட்டத்தை உடன் வைத்திருந்தனர். கூட்டம் சேர்ப்பது ஒரு நோக்கம். நாற்காலியில் இருப்பவரின் அலறல் அடுத்தவரின் காதில் விழாமல் செய்வது மற்றொரு நோக்கம். 20ஆம் நூற்றாண்டிலும் இது ஓயவில்லை. அமெரிக்காவில் எட்கர் பார்க்கர் என்ற பல் மருத்துவர், வலியில்லாதவர் என்று பொருள்படும் 'பெயின்லெஸ்' என்பதை 1915இல் சட்டப்படி தம் பெயராகவே மாற்றிக்கொண்டு, வாத்தியக் குழுவும் சர்க்கஸும் சூழத் தொழில் நடத்தினார்.

இவர்களுக்கு நடுவே பாரிஸில் வாழ்ந்த பியேர் ஃபோஷார் 1728இல் பல் மருத்துவத்துக்கென்றே இரண்டு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். நோயாளியைத் தரையில் உட்கார வைத்து, தலையைக் கால்களுக்கிடையே இடுக்கிப் பல் பிடுங்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். அது அருவருப்பானது, அச்சமூட்டுவது, கருவுற்ற பெண்களுக்குத் தீங்கானது என்றார்; நிலையான, கைப்பிடிகளுள்ள நாற்காலியில் அமர்த்தச் சொன்னார். இன்று நம் குழந்தைகள் கண்டு மிரளும் அந்த நாற்காலி, நோயாளியின் அச்சத்தைப் போக்கவே நுழைந்தது.

நாற்காலியைப் போலவே நம் வீடுகளில் மரபாக வந்த இன்னொன்று 'பூச்சி'. சொத்தைப் பல்லை நாம் பூச்சிப் பல் என்கிறோம். "மிட்டாய் தின்றால் பல்லில் பூச்சி வந்துவிடும்" என்று சொல்லாத வீடு அரிது. இது வெறும் பேச்சு வழக்கன்று. பல்லைத் துளைப்பது ஒரு புழு என்ற நம்பிக்கை பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலேயே காணப்படுகிறது. சீனத்திலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அது பரவியிருந்தது. இப்னு ஸீனா போன்ற பேரறிஞர்கூடப் பல் புழுவுக்கு மருந்து எழுதியிருக்கிறார். குரோசாணி ஓமம், வெங்காயம் முதலியவற்றின் விதைகளை ஆட்டுக் கொழுப்பில் பிசைந்து, நெருப்பிலிட்டு, அந்தப் புகையை வாயில் பிடிப்பது அவர் கூறும் முறை. நம் கிராமங்களில் கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடிக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. குரோசாணி ஓம விதை சூட்டில் வெடிக்கும்போது உள்ளிருக்கும் முளைக்கரு சிறு புழுப் போல வெளியே துள்ளும். அதைக் கண்டவர்கள் பல்லிலிருந்துதான் புழு விழுந்தது என்று நம்பினர்.

நம்பாதவர்களும் இருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டமாஸ்கஸ்காரரான அல்-ஜவ்பரீ, சந்தை எத்தர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். பல்லிலிருந்து புழு எடுப்பதாகச் சொல்லிக் காசு பறிப்போரும் அந்நூலில் அகப்பட்டுக்கொள்கின்றனர். பிற்காலத்தில் ஃபோஷார் நுண்ணோக்கியால் சொத்தைப் பற்களைச் சோதித்துப் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். உண்மைக் காரணத்தைத் தெளிவாக்கியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன, அவ்வமிலம் பல்லைக் கரைக்கிறது என்பதை 1890இல் வெளிவந்த அவருடைய நூல் விளக்கியது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பெரியவர்களுக்குப் 'பூச்சி' என்பது ஒரு சொல். மூன்று வயதுக் குழந்தைக்கோ அது கால்கள் உள்ள, நகரக்கூடிய, தன் வாய்க்குள் வாழும் உயிர். அதை எடுப்பதற்காக ஒருவர் கூரான கருவியோடு வருகிறார் என்று கேட்ட பிறகு அக்குழந்தை வாயைத் திறந்தால்தான் நாம் வியக்க வேண்டும்.

வலியின் கதைக்குத் திரும்புவோம். 1844 டிசம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே உட்கொண்டு, தம் பல்லை மற்றொரு மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை. அடுத்த மாதமே பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டினார். வாயு போதாமல் நோயாளி முனகவே, கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். அந்த அவமானத்திலிருந்து வெல்ஸ் மீளவே இல்லை. 1846 அக்டோபரில் வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர் அதே பாஸ்டனில் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். அறுவை மருத்துவம் முழுவதற்குமே மயக்க மருந்தைத் தந்தவர்கள் பல் மருத்துவர்கள் என்பது பலர் அறியாத செய்தி. ஆளை மயக்காமல் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் நோவோகெயின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிக்னோகெயின் இன்றும் பல் மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படுகிறது.

ஸஹ்ராவீ கத்தரிக்கோலை மறைக்கச் சொன்னதற்கான காரணம் இத்துடன் நீங்கிவிட்டது. வலியைக் குறைக்கலாம், ஆகவே உண்மையையும் சொல்லலாம். மருத்துவம் மாறியது. வீட்டுப் பேச்சு மாறவில்லை.

மருத்துவமும் குழந்தையின் பக்கம் வரும்போது மெதுவாகவே மாறியது. பால் பல் தானாக விழுந்துவிடும். அதற்கு என்ன வைத்தியம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. இன்று அது மருத்துவர்களை விட்டு நீங்கி, நம் வீடுகளில் மட்டும் நிலைத்திருக்கிறது. பால் பற்கள் இருபது. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் தோன்றும் சொத்தையை 'விழும் பல்தானே' என்று விட்டால், இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் அந்தப் பல்லைக் கொண்டுதான் குழந்தை மென்றாக வேண்டும். சீழ் பிடித்தால் இரவில் உறக்கம் கெடும். அடியில் வளரும் நிலைப் பல்லும் பாதிக்கப்படலாம்.

அலட்சியம் ஒருபுறமிருக்க, அளவுக்கு மீறிய வைத்தியமும் நடந்தது. பல் முளைப்பதே குழந்தைகளைக் கொல்லும் நோய் என ஐரோப்பாவில் கருதினர். பழைய லண்டன் நகரின் இறப்புப் பட்டியல்களில் 'பற்கள்' என்பதே ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பல் முளைக்கும் பருவத்துக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பற்களின் மேல் சுமத்தப்பட்டன. ஈற்றைக் கீறிவிடுவது மருத்துவமாயிற்று. பின்னர் பாதரசச் சேர்மமான கலோமெல் கலந்த பல் முளைப்புப் பொடிகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. கைகால்கள் சிவந்து வீங்கி, வெளிச்சம் கண்டு கூசி, ஓயாது அழும் 'இளஞ்சிவப்பு நோய்' அப்பொடிகளாலேயே வந்தது என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாயிற்று. பிரிட்டனில் 1950களில் அப்பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டதும் நோயும் மறைந்தது. இப்னு ஸீனா பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றில் கோழிக் கொழுப்பைத் தடவச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டில் எது குழந்தைக்கு நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

குழந்தைகளுக்கு மட்டுமே பல் மருத்துவம் பார்ப்பது என்று முதன்முதலில் முடிவு செய்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1909 முதல் அவ்வாறு பணியாற்றிய எவஞ்சலின் ஜோர்டான் என்ற பெண்மணி. குழந்தையிடம் பொறுமையும் கனிவும் வேண்டும் என்று வலியுறுத்திய அவரே, எதற்கும் இணங்காமல் அழுது திமிறும் குழந்தையின் வாயை மடித்த துணியால் சற்று நேரம் மூடிப் பிடிக்கலாம் என்றும் எழுதினார். வாயைக் கையால் பொத்தும் அம்முறை பின்னர் பாடத்தில் ஏறி, பல தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து அதை நீக்கியது 2006இல். அதாவது, இன்றைய பெற்றோரில் பலர் குழந்தைகளாக இருந்த காலத்தில் அது ஏற்கப்பட்ட முறையாகவே இருந்தது. அம்முறைக்கு உள்ளான ஒருவர், இன்று தம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் படியேறுகையில் தம் உள்ளங்கை வியர்ப்பதை உணர்ந்தால், குழந்தை அதைக் கவனிக்காமல் இருக்காது.

1959இல் ஆடல்ஸ்டன் என்ற மருத்துவர் வேறொரு வழியை எழுதினார். செய்யப்போவதை முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பின்னரே செய்வது. சொன்னதை மட்டும் செய்வது, செய்வதை எல்லாம் சொல்வது. சிறு கண்ணாடியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். காற்றுக் குழாயை முதலில் உள்ளங்கையில் ஊதிக் காட்டுவார்கள். உமிழ்நீர் உறிஞ்சும் குழாயை ஒரு குவளைத் தண்ணீரில் வைத்து ஓசை எழுப்பிக் காட்டுவார்கள். உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் கற்கும் முதற்பாடம் இன்று இதுவே. கருவியை மறைக்கச் சொன்ன காலம் போய், அதைக் குழந்தையின் கையில் கொடுக்கும் காலம் வந்தது.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மருத்துவர் என்பது செல்வருக்கே இயலும். பள்ளிக்கூடத்திலேயே பல் வைத்தியம் என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் செயல்படுத்திய நாடு நியூசிலாந்து. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் கெட்டுக் கிடந்ததைக் கண்ட அந்நாட்டு அரசு, 1921இல் வெலிங்டனில் இளம்பெண்களைப் பள்ளிப் பல் தாதியராகப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. பிள்ளைகளோ அந்தப் பள்ளி மருத்துவ அறைக்குக் 'கொலை வீடு' என்று பெயர் சூட்டினர். காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவியும், மரப்பு ஊசி இன்றியே பல் துளைக்கும் வழக்கமும் அப்பெயருக்குக் காரணம். நோக்கம் நல்லதாக இருந்தும் வலியைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு அது. ஆயினும் அத்திட்டம் எண்ணற்ற பிள்ளைகளின் பற்களைக் காத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த நியூசிலாந்து முறை நம் வீடுகள் வரை வந்திருக்கிறது. 1940களின் இறுதியில் பினாங்கில் இதே முறையில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் இலங்கையின் மஹரகமையில் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பினாங்கிலும் இலங்கையிலும் படித்த நம் குடும்பத்துப் பெரியவர்கள், வகுப்பிலிருந்து பெயர் சொல்லி அழைக்கப்பட்டுப் பல் அறைக்குப் போனதை நினைவுகூர்வதுண்டு. அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பேத்தியின் முன் கேட்க வேண்டாம்.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஒரு முஸ்லிம் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. கிழக்கு வங்காளத்தில் 1890இல் பிறந்த ரஃபியுத்தீன் அஹ்மத், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அவர் பணியாற்றியது பாஸ்டன் நகரின் ஃபோர்சித் மருத்துவமனையில். அது ஏழைக் குழந்தைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே 1914இல் திறக்கப்பட்டது. தாயகம் திரும்பி 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பணத்துக்கு அவர் கண்ட வழி, 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் குளிர்பானக் கடை நடத்துவது. சர்க்கரைப் பானம் விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரி வளர்ந்தது. இதில் உள்ள நகைச்சுவையை அவரும் அறிந்தே இருந்திருப்பார். தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் மிகச் சிலரே. அக்கல்லூரியில் பயின்று 1923இல் பம்பாயில் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்தவர் ஃபாத்திமா ஜின்னா. ஒரு முஸ்லிம் பெண் தனியாக மருத்துவமனை நடத்துவது அன்று எத்தகைய செயல் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ரஃபியுத்தீன் அஹ்மத் 1949இல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் பத்ம பூஷண் விருது பெற்றார். மறு ஆண்டு மறைந்தார். கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நோய் வந்த பின் பார்ப்பது மருத்துவம். வருமுன் காப்பதில் நமக்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. தம் சமூகத்தாருக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மிஸ்வாக் குச்சியைத் தரும் மரத்துக்குத் தமிழில் உகாய் என்று பெயர். நபி (ஸல்) அவர்களின் இறுதி வேளையில் அவர்களின் பார்வை மிஸ்வாக்கின் மீது படிந்ததைக் கண்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அதை வாங்கித் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததும் புகாரியில் இருக்கிறது. வாயில் வைக்கும் பொருளை இதமாக்கிக் கொடுத்த அந்தச் செயலைக் குழந்தைக்குப் பல் துலக்கிவிடும் ஒவ்வொரு தாயும் அறியாமலே பின்பற்றுகிறாள்.

குழந்தையிடம் பேசுவது பற்றியும் நமக்கு முன்மாதிரி உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் வீட்டில் அமர்ந்திருக்க, தாயார் மகனை "வா, ஒன்று தருகிறேன்" என்ற பொருளில் அழைத்தார். என்ன தரப்போகிறீர் என்று நபியவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. மருத்துவமனை வாசலில் நின்று "ஊசி இல்லவே இல்லை" என்று நாம் கொடுக்கும் உறுதியை இந்த நிகழ்ச்சியின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி உண்டா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. மருத்துவருக்கே பார்த்த பின்னர்தான் தெரியும். தெரியாததற்கு உறுதி கூறி, அது பொய்த்துப்போனால், குழந்தை மருத்துவரை மட்டுமன்று, நம்மையும் நம்பாமல் போகும். "டாக்டர் உன் பற்களை எண்ணுவார். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்வார். நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்." இதில் பொய் எதுவும் இல்லை; மூன்று வயதுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைரிடம், அவர் வளர்த்த சிட்டுக்குருவி என்ன ஆயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவில் கேட்டிருப்பார்கள். குழந்தைக்கு எது முக்கியமோ அதிலிருந்து பேச்சைத் தொடங்குவது. நல்ல குழந்தைப் பல் மருத்துவர் முதல் ஐந்து நிமிடம் பல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. காலணியில் மின்னும் விளக்கைப் பற்றிப் பேசுவார்.

முதல் பல் முளைத்த ஆறு மாதங்களுக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது இன்றைய குழந்தைப் பல் மருத்துவர்களின் அறிவுரை. பல் வலிக்காத நாளில் செல்வதே அதன் நோக்கம். நம்மில் பெரும்பாலோர் குழந்தையை முதன்முதலாக அழைத்துச் செல்வது கன்னம் வீங்கிய இரவுக்கு மறுநாள் காலையில். அன்று மருத்துவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், குழந்தையின் நினைவில் அவர் வலியோடு சேர்ந்தே பதிவார். பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் பழக்கமுள்ள குழந்தையாயின் காத்திருக்கவே கூடாது. மேல் முன்பற்கள் நாலும் ஒரே ஆண்டில் கரைந்துபோன குழந்தைகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர்.

அந்த வயதில் நாற்காலி தேவையில்லை. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே அமர்கிறார்கள். குழந்தை தாயின் மடியில் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்து, கால்கள் அவள் இடுப்பின் இருபுறமும் இருக்க, மெல்லப் பின்னால் சாய்கிறது. தலை மருத்துவரின் மடியில் அமைகிறது. கைகளைத் தாய் பிடித்திருக்கிறாள். குழந்தையின் கண்களுக்குத் தெரிவது அவள் முகம். கொர்தோபாவில் ஸஹ்ராவீ தம் நோயாளிகளின் தலையை வைத்துக்கொண்ட இடமும் இதுவே.

அழலாம். மூன்று வயதுக்குள் அழுவது இயல்பு. அடக்க வேண்டியதில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை. அழும் குழந்தையின் வாய் திறந்தே இருப்பதால் மருத்துவருக்கு அது வசதியும்கூட. ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண, தாயும் சேர்ந்து எண்ணுகிறாள். பன்னிரண்டில் குழந்தை வாயை மூடிக்கொண்டால், வலியோ வீக்கமோ இல்லாதபோது, மீதி எட்டை அடுத்த வாரம் எண்ணிக்கொள்ளலாம்.